பிணம் இறங்காத படகு

அஜித்குமாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இப்படி ஓர் உடம்பா என்று குப்பத்தில் முதலில் யாருமே நம்பவில்லை. பத்தாவது பரீட்சை எழுதிய கையோடு அப்பா பக்கிரி அவனைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். முதல் அலையைத் தாண்டுவதற்குள் குடித்த கஞ்சி வெளியே வந்துவிட்டது. பழகினால் சரியாகும் என்று மறுநாளும் கூட்டிப்போனார். அன்றைக்கு முந்தின நாள் குடித்ததும் சேர்ந்து வந்தது. "நீ படிடா, போதும்" என்று கரையில் இறக்கிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

படித்தான். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே படித்தான். வரைகிற கை அவனுக்குப் பிறவியிலேயே வந்தது. அடையாறில் ஒரு கல்லூரியில் விஸ்காம் முடித்து, ஆழ்வார்பேட்டையில் மாடி ஒன்றில் இயங்கிய கம்பெனியில் சேர்ந்தான். கைப்பேசி விளையாட்டுகள் செய்கிற கம்பெனி. ஒரே நிற மிட்டாய்களை வரிசையாக வைத்தால் அவை வெடிக்குமே, அந்த மிட்டாய்க்குப் பளபளப்பு பூசுவது இவன் வேலை. அம்மா வசந்தி பெசன்ட் நகரில் கூடை வைத்து மீன் விற்பவள். வஞ்சிரத்தை நறுக்கிக்கொண்டே, "எம் புள்ள கம்ப்யூட்டர்ல கேம் செய்றான்" என்று வாங்குகிறவர்களிடம் சொல்வாள். கேட்டவர்களுக்கு அவசரம் இருந்தாலும் சொல்லி முடித்துத்தான் மீனைக் கொடுப்பாள்.

வெடிக்கிற மிட்டாய்க்கு எத்தனை வருஷம்தான் ஒருவன் பளபளப்பு பூசுவான்? தனக்கென்று ஒரு விளையாட்டு செய்யவேண்டும் என்று அவனுக்குள் ஓர் அரிப்பு இருந்தது. என்ன விளையாட்டு என்பதும் தெரியும். அது ஏழாம் வகுப்பிலிருந்தே அவனுக்குள் கிடந்தது.

அந்த வருஷம் ஒருநாள், படகுகள் திரும்புகிற வேளைக்கு வெகு முன்னதாகவே பக்கிரியின் படகு திரும்பி வந்தது. வலை நனையவே இல்லை. நடுவில் தார்ப்பாய் போட்டு எதையோ மூடியிருந்தார்கள். கடலில் மிதந்த ஒரு பிணம் அது; எந்த ஊர் ஆள் என்றுகூடத் தெரியாது. மீன் பாடு நன்றாக இருந்த சமயம், பார்க்காத மாதிரி போயிருக்கலாம். பக்கிரி அப்படிப் போகிற ஆளில்லை. கடலில் கிடக்கிறவனைக் கண்டால் கரைக்குக் கொண்டுவரவேண்டும், நாளைக்கு நம்மை யாராவது கொண்டுவரவேண்டும் அல்லவா என்பார். போலீஸ் வந்தது, கேள்வி கேட்டது, இழுத்தடித்தது. அவர் முனகக்கூட இல்லை.

பிணம் ஏறின படகைக் குப்பத்தில் அப்படியே கடலுக்கு அனுப்பமாட்டார்கள். முதலில் பிணம் இறங்கவேண்டும். ஊர் பார்க்க இறங்கவேண்டும். அதற்குப் பிறகுதான் மஞ்சள் தண்ணீர், எலுமிச்சம்பழம், கற்பூரம். இறக்கின கைதான் முதல் தண்ணீரைத் தெளிக்கவேண்டும். 'ஆள் இறங்கியாச்சு, படகு வெறுமையாச்சு' என்று அந்தக் கை ஊருக்குச் சாட்சி சொல்கிற மாதிரி. புதுக் காரை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி எடுக்கிற மயிலாப்பூர் தி.நகர்க்காரர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அன்றைக்கு பக்கிரி தெளித்ததைக் கூட்டத்தில் கால்கள் நடுவே நின்று அஜித்குமார் பார்த்தான். தெளித்தது அவனுக்கு மறந்துபோனது. தார்ப்பாயின் ஓரத்தில் தெரிந்த குதிகால் மட்டும் மறக்கவில்லை.

அந்தக் குதிகாலிலிருந்துதான் விளையாட்டு பிறந்தது. பெயரே 'தார்ப்பாய்'. கூட வேலை பார்த்த ஃபராஸ் சத்தங்களைச் செய்துகொடுத்தான். சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தைப் பார்த்த மாதிரி இருந்த அவன் வீட்டு மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் இருவருமாக உட்கார்ந்து செய்தார்கள். சுடுவதோ ஓடுவதோ அதில் கிடையாது. திரையில் தெரிகிற பொருளைத் தொடவேண்டும். தொட்டால் ஏதாவது நடக்கும். நீங்கள் நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோன ஒரு மீனவர். பனிமூட்டத்தில் ஆளில்லாத படகு ஒன்று மிதந்து வருகிறது. உதவி கிடைக்குமா என்று அதில் ஏறுகிறீர்கள். சாப்பாட்டுத் தூக்கைத் தொட்டால் உள்ளே சோறு இன்னும் சுடுகிறது. ஐஸ் பெட்டியைத் தொட்டால் உள்ளிருந்து யாரோ தட்டுகிறார்கள். ஒன்றைத் தொட்டால்தான் அடுத்தது திறக்கும். கடைசியில் மிஞ்சுவது தார்ப்பாய். அதையும் தொடுகிறீர்கள், அடியில் கிடப்பவன் கண்ணைத் திறக்கிறான். அதோடு சரி. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடும். கரை என்று ஒன்று அதில் எங்குமே வராது.

படகை வரையும்போதுதான் சனி பிடித்தது. கற்பனையில் ஒரு படகை வரைந்திருக்கலாம். அவன் அப்பாவின் படகையே அச்சு அசலாக வரைந்தான். அந்த நீலம், பாறையில் இடித்ததற்கு ஒட்டுப்போட்ட இடம், எஞ்சின் கைப்பிடியில் சுற்றிய அம்மாவின் பழைய புடவைக் கிழிசல் எல்லாம் அப்படியே வந்தன. பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் பெயர்: 'வசந்தி'. கல்யாணமான புதிதில் பக்கிரி வைத்த பெயர் அது.

ஃபராஸ் அதைப் பார்த்ததும் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினான். "மச்சி, உங்கம்மா பேருடா இது. பேய்ப் படகுக்கு அம்மா பேரா? மாத்திடு."

"அதாண்டா ஃபீலே. உண்மையா இருந்தாதான் பயம் வரும்."

"உண்மையா இருந்தா பயம் வரும், சரி. யாருக்கு வரும்னு பாத்துக்க" என்று ஃபராஸ் மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அந்தப் பேச்சை அஜித்குமார் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தான். நாலே எழுத்துப் பெயர். அழித்து எழுத ஒரு நொடி ஆகியிருக்காது.

விளையாட்டை வெளிவிட்டார்கள். வெளிநாட்டில் எங்கேயோ நடக்கிற போட்டி ஒன்றுக்கும் அனுப்பினார்கள். முதலில் சீண்ட ஆளில்லை. பிறகு விளையாடிக் காட்டிப் பிழைக்கிற ஒரு யூடியூப் பையன் கையில் அது அகப்பட்டது. தார்ப்பாய் விலகியதும் அவன் நாற்காலியோடு சாய்ந்து விழுந்தான். உண்மையாக விழுந்தானோ, பார்வைக்காக விழுந்தானோ, விழுந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. சுற்றுகிறது குப்பத்துக்குள் மட்டும் வராமலா போகும்?

"டேய், பக்கிரி மாமா போட்டுடா இது" என்றுதான் முதலில் சிரித்தார்கள். ஒரு வாரம் எல்லோருக்கும் அது பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் நடுக்கடலில் 'வசந்தி'யின் எஞ்சின் நின்றது. எஞ்சின் என்றால் நிற்கத்தான் செய்யும். அது போன வருஷமும் நின்றது. ஆனால் போன வருஷம் அதில் பிணம் கிடக்கவில்லை. படகில் வழக்கமாகப் போகிறவர்களில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தது. இன்னொருவன் மச்சினிக்குத் திடீரென்று கல்யாணம் நிச்சயமானது. மூன்றாமவன் கதிரேசன். பக்கிரியோடு மீசை முளைத்த நாளிலிருந்து போகிறவன். அவன் காரணம் எதுவும் சொல்லாமல் தலையைச் சொறிந்தான். யாரும் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கிரி கடற்கரையில் நங்கூரக் கயிற்றை வைத்துக்கொண்டு நிற்பார், ஆள் வராது. தனியாகப் போகிற படகல்ல அது.

வசந்திக்குச் சந்தையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. சாயங்காலம் காலிக் கூடையோடு வந்தவள் மகன் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஏண்டா, எம் பேர்ல பொணத்தக் கெடத்திட்டியாமே?"

"அது சும்மா கேம்மா."

"கேமுதான். அப்ப உன் பேரப் போட்டுக்க வேண்டியதுதானே?" என்று கேட்டுவிட்டு அவள் கை கழுவப் போனாள்.

பக்கிரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இவனும் எதிர்த்து இரண்டு வார்த்தை பேசித் தப்பித்திருப்பான். அவர் அதை ஒரு வேலையாகத்தான் பார்த்தார். படகில் பிணம் ஏறியிருக்கிறது, இறக்கவேண்டும், தண்ணீர் தெளிக்கவேண்டும். அது எந்தப் பிணமாக இருந்தால் என்ன? குப்பத்துத் தலைவர் முத்துகிருஷ்ணனை வீட்டுக்குக் கூப்பிட்டு முறையைக் கேட்டார். படத்தில் இருக்கிற பிணத்துக்கு என்ன முறை என்று முத்துகிருஷ்ணனுக்கு மட்டும் தெரியுமா? டீயை ஆற்றி ஆற்றி யோசித்தார்.

"ஊருக்கு மனசுல கீது பாரு, அதுக்கு செஞ்சுதான் ஆவணும்" என்றார். பிறகு அஜித்குமார் பக்கம் திரும்பினார். "தம்பி, மொதல்ல அது எறங்கணும். உன் கேமுல இருந்து எறக்கிடுவியா?"

"எறக்கிடறேன் மாமா."

"ஞாயித்துக்கெழம தெளிச்சுடலாம். அதுக்குள்ள எறக்கிடு. எறக்காம தெளிக்கக் கூடாது, உனக்கே தெரியும்."

இறக்கிவிடலாம் என்றுதான் அவனும் நினைத்தான். கணினியைத் திறந்து உட்காரும்வரைக்கும் அப்படித்தான் நினைத்தான். உட்கார்ந்த பிறகு இரண்டு விஷயம் கையைப் பிடித்தது. போட்டிக்கு அனுப்பிய விளையாட்டைத் தீர்ப்பு வரும்வரை தொடக் கூடாது என்பது விதி. தொட்டால் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள். அது ஒன்று. இன்னொன்றை அவன் ஃபராஸிடம்கூடச் சொல்லவில்லை. பிணத்தை எடுத்துவிட்டால் அந்த விளையாட்டில் மிச்சம் என்ன? தார்ப்பாய் விலகும், அடியில் வெறும் பலகை தெரியும். வாழ்க்கையில் முதல்முதலாக அவன் செய்த ஒரு நல்ல காரியம் வெறும் பலகையாகிவிடும். தீர்ப்பு வரட்டும், மறுநாளே எடுத்துவிடலாம், அதற்குள் குப்பத்தில் யார் மறுபடி விளையாடிப் பார்க்கப்போகிறார்கள் என்று கணக்குப் போட்டான். கடலுக்குப் போகாதவனின் கணக்கு அது.

ஞாயிற்றுக்கிழமை காலை படகைச் சுற்றி ஊர் கூடியிருந்தது. வசந்தி குளித்து, மஞ்சள் கரைத்த குடத்தோடு நின்றாள். முத்துகிருஷ்ணன் கேட்டார்: "எறக்கியாச்சா?"

பக்கிரி மகனைப் பார்த்தார்.

"எறக்கியாச்சு" என்றான் அஜித்குமார்.

"அப்ப நீயே தெளி" என்று முத்துகிருஷ்ணன் வேப்பிலைக் கொத்தை அவன் கையில் கொடுத்தார். இது வரும் என்று அவன் யோசித்திருக்கவில்லை. இறக்கின கைதான் முதலில் தெளிக்கவேண்டும் என்பது ஏழாம் வகுப்பிலிருந்து மறந்துபோயிருந்தது. கொத்தைக் கீழே போட்டு உண்மையைச் சொல்ல அப்போதுகூட நேரம் இருந்தது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் குடத்தில் நனைத்துத் தெளித்தான். முன்பக்கம் தெளித்தான், எஞ்சினுக்குத் தெளித்தான், அம்மா பெயரின் மேலும் தெளித்தான். கதிரேசன் எலுமிச்சம்பழத்தை வெட்டிக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வீசினான். அன்றைக்கு பக்கிரியின் முகத்தில் தெரிந்த நிம்மதியை நினைத்தால் அஜித்குமாருக்கு இன்றும் சோறு இறங்குவதில்லை.

மறுநாளே ஆட்கள் வந்துவிட்டார்கள். காய்ச்சல்காரனுக்குக் காய்ச்சல் விட்டது. மச்சினி கல்யாணம் தள்ளிப்போனது. சங்கராவும் கிழங்கானும் வாரி வாரிக் கொடுத்தது கடல். வசந்தி கூடை நிறையக் கொண்டுபோய், உச்சிவெயிலுக்கு முன்னாலேயே விற்றுவிட்டு வந்தாள். இரண்டு வாரம் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பொய் சொன்னவனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன கதிரேசன், வரிசையில் உட்கார்ந்திருந்தபோது பொழுது போகாமல் அந்த விளையாட்டைக் கைப்பேசியில் இறக்கினான். வேவு பார்க்க இல்லை. பிணம்தான் இறங்கிவிட்டதே, பயமில்லாமல் பார்க்கலாம், நம்ம அஜித் செய்தது, நம்ம படகு என்ற ஆசை. தூக்கைத் தொட்டான், ஐஸ் பெட்டியைத் தொட்டான், ஒவ்வொன்றாகத் தாண்டித் தார்ப்பாய்க்கு வந்தான். வெறும் பலகை இருக்கும் என்று நினைத்துத் தொட்டான்.

அன்று மாலை அவன் நேராகப் படகடிக்கு வந்தான். பக்கிரி வலை உதறிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்த அஜித்குமாரும் அங்கேதான் நின்றான். கதிரேசன் கைப்பேசியை நீட்டினான். "மாமா, இன்னும் கெடக்குது."

பக்கிரி வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மகனிடம், "இது பழசாடா? நீ மாத்தறதுக்கு முன்னாடி இருந்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிடு என்று அந்தக் குரல் கெஞ்சியது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் கதிரேசன்கூட நம்பியிருப்பான்.

"இல்ல நைனா. நா எறக்கல."

"நீ தெளிச்சியேடா" என்றார் பக்கிரி.

கதிரேசன் மணலைப் பார்த்தபடி பேசினான். "பேய்க்குப் பயந்துகினு சொல்லல மாமா. அந்தப் படம் எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா கடல்ல கவுறு கட்டிட்டியான்னா, கட்டிட்டேன்னு நீ சொல்ற ஒரு சொல்ல நம்பித்தான நா குதிக்கிறேன். உன் வூட்டுச் சொல்லு இப்டி ஆயிடுச்சே." சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது. அவனோடு மற்ற இரண்டு பேரும் படகுக்கு வராமல் நின்றுவிட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? முன்பு பேய்ப் படகு என்றவர்கள், இப்போது பொய்ப் பூசை போட்ட படகு என்றார்கள். பேய்க்குப் பரிகாரம் உண்டு, இதற்குக் கிடையாது.

பக்கிரி கொஞ்ச நாள் வேறு குப்பங்களில் ஆள் தேடிப் பார்த்தார். பிறகு தெற்கே கோவளம் பக்கத்திலிருந்து யாரோ வந்து படகைப் பார்த்தார்கள். விலைக்குக் கொடுத்துவிட்டார். ஓட்டிக்கொண்டு போகும்போது வசந்தி கரைக்கு வரவில்லை. வாங்கியவர்கள் பச்சை அடித்து வேறு பெயர் எழுதிவிட்டார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டார்கள். பக்கிரி இப்போது கதிரேசனின் அண்ணன் படகில் பங்குக்குப் போகிறார். தன் படகில் நின்று திசை சொன்ன மனிதர், இன்னொருவர் சொல்கிற திசைக்கு வலையை இறக்குகிறார்.

போட்டித் தீர்ப்பும் வந்தது. பரிசு இல்லை; 'சிறப்புப் பாராட்டு'. படகின் ஒவ்வொரு கீறலிலும் உண்மை தெரிகிறது என்று நடுவர் ஒருவர் எழுதியிருந்தார். ஆழ்வார்பேட்டை ஆபீசில் கேக் வெட்டினார்கள். ஃபராஸ் ஒரு துண்டைக் காகிதத் தட்டில் வைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "வீட்ல சொன்னியா மச்சி?" என்று கேட்டான். அஜித்குமார் இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கேக்கைத் தின்றான். அது நன்றாகத்தான் இருந்தது.

அன்றைக்கே உட்கார்ந்து பிணத்தை எடுத்தான். படகின் பெயரையும் அழித்தான். எல்லாம் சேர்த்து ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா, இதற்காகவா என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது. புதிதாக விளையாடியவர்கள், கடைசியில் ஒன்றுமே வரவில்லையே, ஏதாவது கோளாறா என்று எழுதிக் கேட்டார்கள். அவன் யாருக்கும் பதில் எழுதவில்லை.

வீட்டில் அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அப்பா அவனோடு பேசாமல் இல்லை. சாப்பிட்டியா, பஸ் கிடைச்சுதா என்று வழக்கம்போலக் கேட்பார். திட்டமாட்டாரா என்று இவன்தான் காத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில் பக்கம் கூட்டம் சேருவதற்கு முன், பக்கிரி மணலில் காலை நீட்டி வலை கோத்துக்கொண்டிருந்தார். அஜித்குமார் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வலையின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டான். அவரேதான் கேட்டார்.

"அந்த கேம காட்டுடா, பாப்போம்."

அவன் திறந்து கொடுத்தான். அவர் ஒருதடவைகூட அதை முழுதாக விளையாடியதில்லை. எங்கே தொடவேண்டும் என்று இவன் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருந்தது. கைப்பிடியில் சுற்றிய புடவைக் கிழிசலைத் தொட்டுப் பார்த்தார். ஒட்டுப்போட்ட இடத்தைத் தொட்டார். அதைத் தொட்டால் எதுவும் நடக்காது, ஆனாலும் இரண்டு முறை தொட்டார். தார்ப்பாய் விலகியது. அடியில் வெறும் பலகை.

"எறக்கிட்ட" என்றார்.

"எறக்கிட்டேன் நைனா. லேட்டா எறக்கினேன். தப்புதான்."

அவர் தலையாட்டினார். பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஊர்க்காரன் ஒருவனைப் பற்றி விசாரிக்கிற மாதிரி, "எங்க எறக்கின?" என்று கேட்டார்.

"இன்னா நைனா?"

"அந்தாள. எந்தக் கரையில எறக்கின?"

"அழிச்சுட்டேன் நைனா" என்றான். "அதுல கரை கெடையாது. நா வைக்கல."

பக்கிரி கைப்பேசியை மடியில் துடைத்து அவனிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப கடல்லயே வுட்டுட்டு வந்துட்ட" என்றார். சொல்லிவிட்டு, கதிரேசன் அண்ணனுடைய வலையை மறுபடி மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அறுந்த கண்ணைத் தேட ஆரம்பித்தார்.